ஒட்டுவாரொட்டி

கவிதை பேச வேண்டிய மன்றத்தில் மூக்கொழுகலைப் பற்றிய பேச்சா என்று சிலர் புன்னகைக்கக்கூடும். புன்னகைக்கலாம்; தவறில்லை. ஆயினும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இப்பொருளுக்குள் நுழைய முடியும். சொல்லைப் பிடித்துக்கொண்டு நுழைவது இவ்வவைக்குப் புதிதன்று.

அச்சொல் ‘ஒட்டுவாரொட்டி’. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயைக் குறிப்பதற்கு அகராதிகள் தரும் சொல் இது. ஒட்டுவாரை ஒட்டுவது, யார் நெருங்கி வருகிறாரோ அவரைப் பற்றிக்கொள்வது. இதனோடு மற்ற பெயர்களை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். ‘ஜலதோஷம்’ என்போர் நீரின்மீது குற்றம் சுமத்துகின்றனர். ‘நீர்க்கோவை’ என்போரும் ஏறத்தாழ அவ்வாறே; தலையில் நீர் கோத்துக்கொண்டது என்பது அவர்கள் கருத்து. ‘சளி’ என்பது வெளிவரும் பொருளைச் சொல்கிறது. ‘தடிமன்’, ‘தடுமன்’ என வழங்குவோர் மூக்கும் தலையும் தடித்துக் கனக்கும் நிலையைச் சொல்கின்றனர் எனக் கொள்ளலாம். ஆங்கிலேயர் இட்ட ‘கோல்ட்’ என்ற பெயரோ குளிரைக் குற்றவாளியாக்குகிறது. ‘இன்ஃபுளுயன்சா’ என்னும் இத்தாலியச் சொல் விண்மீன்களின் தாக்கம் என்ற பொருளில் பிறந்தது. ‘வைரஸ்’ என்பதற்கு இலத்தீனில் நஞ்சு என்று பொருள். தமிழில் ‘நச்சுயிரி’ என்று ஆக்கியோர் அம்மூலத்தை மறவாதவர்கள். இவ்வளவு பெயர்களுக்கிடையே ‘ஒட்டுவாரொட்டி’ மட்டுமே நோயின் காரணத்தையோ உருவையோ சொல்லாமல், இரண்டு மனிதருக்கு இடையிலுள்ள உறவைச் சொல்லி நிற்கிறது.

ஒரு வீட்டில் குழந்தைக்குத் தடுமன் பிடிக்கிறது. இரண்டு மூன்று நாளில் தாய்க்கு வருகிறது. அடுத்து மூத்த பிள்ளைக்கு. தந்தைக்கு வருவதும் உண்டு, வராமற்போவதும் உண்டு. இதைக் காணாத வீடு உலகில் இல்லை. ஆனால் எந்த வழியாக அது சென்றது? குழந்தையின் மூக்கைத் துடைத்த கையின் வழியா, அது தும்மியபோது தெறித்த திவலையின் வழியா, அறைக்குள் மிதந்த காற்றின் வழியா? கேள்வி எளிது. இதற்கு விடை காண முனைந்த ஆய்வுக்கூடங்கள் கடந்த எண்பது ஆண்டுகளில் செய்தவற்றைப் படிப்போர்க்கு வியப்பும் சிரிப்பும் மாறிமாறி வரும். எளிய கேள்வியை மனிதர் இவ்வளவு சிரமப்பட்டுக் கேட்டது வேறெங்கும் உண்டா என்றே தோன்றும்.

இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரை அடுத்த ஹார்ன்ஹாம் குன்றில் 1946இல் தடுமன் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் அமெரிக்கர் அமைத்துவிட்டுச் சென்ற மருத்துவமனைக் குடில்களே அதன் கட்டடம். தலைமை ஏற்றவர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ். 1933இல் மனித இன்ஃபுளுயன்சா வைரஸைக் கண்டறிந்த மூவரில் ஒருவர் அவர். தடுமனைப் பிடிக்கும் விலங்கு எளிதில் அகப்படாமையால் மனிதரையே அழைக்க வேண்டியிருந்தது. பத்து நாள் தங்க வருவோர்க்குப் பயணச் செலவும் உணவும் இடமும் இலவசம்; சிறிது கைச்செலவுப் பணமும் உண்டு. இருவர் மூவராக ஒரு குடிலில் தங்கலாம். படிக்கலாம், சதுரங்கம் ஆடலாம், வயல்வெளியில் உலவலாம். பிற குடிலாரை நெருங்கலாகாது என்பதே கட்டுப்பாடு. மூக்கில் சில துளி மருந்து விடப்படும். அதில் நோய் இருக்கிறதா வெறும் நீர்மமா என்பது வந்தவருக்குத் தெரியாது. நாள்தோறும் அவர் பயன்படுத்திய காகிதக் கைக்குட்டைகள் எண்ணப்படும். போருக்குப் பிந்திய வறுமைக் காலத்தில் இதை மலிவான விடுமுறையாகக் கருதி மீண்டும் மீண்டும் வந்தோர் பலர். தேனிலவைக் கழிக்க வந்த மணமக்களும் உண்டு. நிலையம் மூடப்படும்வரை ஏறத்தாழ 20,000 பேர் வந்து சென்றனர்.

முதலில் விசாரணைக்கு வந்தது குளிர்தான். பெயரிலேயே குற்றம் சாட்டப்பட்டிருந்ததல்லவா? தொண்டர்களை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈரம் துவட்டாமல், காற்று வீசும் நடைக்கூடத்தில் அரைமணி நேரம் நிறுத்தினார்கள். பின்னர் ஈரக் காலுறைகளோடு நடமாட விட்டார்கள். நடுங்கினார்களே ஒழிய, வைரஸ் இல்லாத வெறும் குளிரால் தடுமன் வரவில்லை. ஆயினும் வழக்கு முற்றிலும் தள்ளுபடியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 90 பேர் குளிர்ந்த நீரில் காலை வைத்திருந்தனர். அவர்களுள் 13 பேர் அடுத்த சில நாட்களில் தடுமன் வந்ததாகக் கூறினர். நீரில் கால் வைக்காத 90 பேரில் அவ்வாறு கூறியோர் 5 பேர். அவர்களிடம் வைரஸ் இருந்ததா என்று சோதிக்கப்படவில்லை. ஏற்கெனவே மூக்கில் ஒளிந்திருந்ததைக் குளிர் எழுப்பிவிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளரின் கருத்து. ‘ஈரத் தலையோடு நிற்காதே’ என்னும் பாட்டிமார் சிறிது நிமிர்ந்து உட்காரலாம்.

அடுத்தது பரவும் வழி. அந்நிலையத்தில் அப்போது பணியாற்றியவர் ஜேம்ஸ் லவ்லாக். பூமி முழுவதும் ஓர் உயிர்போல் தன்னைக் காத்துக்கொள்கிறது என்ற ‘கையா’ கோட்பாட்டால் பின்னாளில் புகழ்பெற்றவர் இவரே. அந்நாளில் அங்கு நடந்த ஒரு சோதனையில் ஒருவரின் மூக்கருகே மெல்லிய குழாய் ஒன்று பொருத்தப்பட்டது. தடுமன் பிடித்தவருக்கு ஒழுகும் வேகத்திலேயே அதிலிருந்து ஒரு நீர்மம் சொட்டியது. அது கண்ணுக்குத் தெரியாது. புறஊதா விளக்கில் மட்டுமே ஒளிரும். அவர் வழக்கம்போல் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, மற்றவரோடு உணவுண்டு, சீட்டாடிப் பொழுதுபோக்கினார். பிறகு விளக்குகளை அணைத்து, புறஊதா விளக்கை ஏற்றினார்கள். கையில், முகத்தில், சீட்டுகளில், உணவில், உடனிருந்தோர்மீது என எங்கும் ஒளி. கவிஞர்கள் நிற்க வேண்டிய இடம் இது. ஒரு மாலைப்பொழுதில் மனிதர் ஒருவர் மற்றவர்மீது விட்டுச் செல்லும் தடங்கள் அத்தனையும் ஓர் அறையில் ஒளிர்ந்து கிடந்தன.

ஆனால் தடம் வேறு, நோய் வேறு. ஒளிர்ந்த இடமெல்லாம் நோய் சென்றதாகக் காட்ட முடியவில்லை. நோயுற்றவரையும் நலமுள்ளவரையும் ஓர் அறையில் சேர்த்து வைத்தபோதெல்லாம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தொற்று நிகழ்ந்தது. 1950இல் ஸ்காட்லாந்தின் வடகரைக்கு அப்பால் ஆளற்றுக் கிடந்த எலீன் நன் ரோன் என்னும் தீவில் 12 தொண்டர்களை வாரக்கணக்கில் தனிமைப்படுத்தினார்கள். நெடுநாள் பிரிந்திருந்தால் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும், பிறகு எளிதில் தொற்றும் என்பது எண்ணம். ஆய்வுக்கூடத்தில் தடுமன் ஊட்டப்பெற்றவர்களைத் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கும் அது எதிர்பார்த்தபடி பரவவில்லை. வீடுகளில் யாரும் அழைக்காமலே அடுக்களைவரை செல்லும் நோய், ஆய்வாளர் வாசலைத் திறந்து வைத்தபோது படியேற மறுத்தது.

சால்ஸ்பரியை விட்டு நீங்குமுன் ஒரு பெயர்க் கதை. டேவிட் டிரல் தலைமையில் அங்கு 1960களில் வளர்க்கப்பட்ட ஒரு வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்தவர் ஜூன் அல்மைடா என்னும் அம்மையார். கிளாஸ்கோ நகரப் பேருந்து ஓட்டுநரின் மகள்; 16 வயதில் பள்ளியை விட்டு ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தவர். வைரஸைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற விளிம்பு தெரிந்தது. அல்மைடாவும் டிரலும் மற்ற அறிஞரும் கூடி, மகுடம், ஒளிவளையம் என்னும் பொருள்பட ‘கொரோனா’ என்று பெயரிட்டனர்; 1968இல் அப்பெயர் அச்சேறியது. ஒரு மாணவனின் எளிய தடுமனிலிருந்து கிடைத்த வைரஸ்கூட்டத்துக்கு இடப்பட்ட அழகிய பெயர், அரை நூற்றாண்டுக்குப் பின் எந்த முகத்தோடு திரும்பி வந்தது என்பதை இவ்வவைக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வர மறுக்கும் நோயை அதன் வீட்டிலேயே சென்று பார்ப்பதுதானே முறை? அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜான் டிங்கிள், ஜார்ஜ் பேட்ஜர், வில்லியம் ஜோர்டன் ஆகியோர் அதைச் செய்தனர். 1948 முதல் 1957 வரை 86 குடும்பங்கள், 443 பேர், பதிவான நோய்கள் 25,155. பின்னர் ‘வீட்டில் நோய்’ என்று பொருள்படும் தலைப்பில் அது 1964இல் நூலாயிற்று. நோய்களில் பாதிக்கு மேற்பட்டவை தடுமன், இருமல் போன்ற மூச்சுப்பாதை நோய்களே. ஆய்வாளர் வாரந்தோறும் வீடு வந்து சென்றனர்; தொண்டையிலிருந்தும் குருதியிலிருந்தும் மாதிரி எடுத்தனர். ஆனால் இந்தப் பேராய்வின் முதன்மைக் கருவி எது? ஒரு தாள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் என்ன உடம்பு என்று அதில் எழுதி வைத்தவர் அவ்வீட்டுத் தாய். யாருக்கு மூக்கடைப்பு, யாருக்கு இருமல், எத்தனை நாள், காய்ச்சல் எவ்வளவு என்றெல்லாம் பத்தாண்டுகள் எழுதப்பட்ட அந்தக் குறிப்புகள் இல்லையேல் 25,155 என்ற எண்ணே இல்லை. பங்கேற்றோர் பெயரை மறைப்பது ஆய்வு அறம்; அதில் குறை காண்பதற்கில்லை. எனினும் உலகின் தலைசிறந்த நோய்ப் பதிவேடுகளுள் ஒன்று, பெயரற்ற பெண்கள் அடுக்களை மேசையில் எழுதியது என்பதை ஒருமுறை சொல்லிவிட வேண்டும். பெண்கள் எழுதியவை எவை என்று பட்டியலிடும் இலக்கிய வரலாறுகளில் இத்தகைய எழுத்துக்கு இடம் இல்லை.

அக்குறிப்புகள் என்ன சொல்லின? நோயை வீட்டுக்குள் கொண்டுவருவோரில் முன்னிற்பவர் குழந்தைகள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், அதன் பின்னே வீட்டிலிருக்கும் சிறு பிள்ளையும். பெற்றோரில் தந்தையைவிடத் தாய்க்கே நோய் மிகுதி. மிச்சிகன் மாநிலத்தின் டெகும்சே என்னும் சிற்றூரில் 1965 முதல் ஆர்னால்டு மான்டோ நடத்திய ஆய்விலும் இதுவே தெரிந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறுமுறை மூச்சுப்பாதை நோய். வயது ஏற ஏறக் குறைகிறது. ஆனால் இருபதுகளில் வரைகோடு மீண்டும் சற்று மேலெழுகிறது, பெண்களிடத்தில் கூடுதலாக. அவ்வயதில்தான் அவர்கள் கைக்குழந்தையின் தாயாகின்றனர். யார் நெருங்கினாரோ அவரை ஒட்டியது. அகராதிச் சொல் அறிந்திருந்ததைத்தான் இத்தனை ஆயிரம் தாள்களும் உறுதி செய்தன.

எவரிடமிருந்து எவருக்கு என்பது தெளிவாயிற்று. எதன் வழியாக என்பது மட்டும் தெரியாமலே நின்றது. வீட்டில் எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. தாய் குழந்தையின் மூக்கைத் துடைக்கும்போதே அதன் மூச்சையும் வாங்குகிறாள். இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் வீட்டைக் கூறுபோட வேண்டும். அந்த வேலையை 1970களில் இரண்டு ஆய்வுக்கூடங்கள் மேற்கொண்டன. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான விடைகளோடு வெளிவந்தன.

முதலாவது வர்ஜீனியாப் பல்கலைக்கழகம். ஜாக் குவால்ட்னி, ஓவன் ஹென்ட்லி என்ற இருவரும் தடுமனுக்கு மிகப் பொதுவான காரணமாகிய ரைனோவைரஸை ஆராய்ந்தவர்கள். ‘ரைனோ’ என்பது கிரேக்க மொழியில் மூக்கு. அவர்கள் கையின்மீது ஐயம் கொண்டனர். நோயாளியின் கையில் வைரஸ் இருக்கிறது. கையிலிருந்து கைக்கு எளிதாக ஏறுகிறது. ஏறிய விரலால் ஒருவர் தம் மூக்கையோ கண்ணையோ தொட்டால் உள்ளே புகுகிறது. ஆனால் பெரியவர்கள் அவ்வளவு அடிக்கடி மூக்கையும் கண்ணையும் தொடுகிறார்களா? ஆய்வாளர்கள் ஒரு மருத்துவக் கூட்டத்திலும் ஒரு ஞாயிறு வகுப்பிலும் அமர்ந்து எண்ணினார்கள். தொடுகிறார்கள், நிரம்பவே. மருத்துவர்களே சொற்பொழிவைக் கேட்டுக்கொண்டு மூக்கை நோண்டினார்கள் என்பது 1973இல் மதிப்புமிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. இந்த அவையில் இப்போது சில கைகள் மடிக்கு இறங்கியிருந்தால் அதில் வெட்கமில்லை.

1978இல் அவர்கள் வழிகளைப் பிரித்தார்கள். நோயுற்றவரின் ஈரக் கையைச் சில நொடிகள் தொட்டுப் பின் தம் மூக்கையும் கண்ணையும் தொட்டவர் 15 பேர்; 11 பேருக்குத் தொற்று. நோயுற்றவரின் எதிரே நெருங்கி அமர்ந்து, அவர் இருமியும் தும்மியும் தெறித்த திவலைகளை ஏற்றவர் 12 பேர்; ஒருவருக்கு மட்டும் தொற்று. கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால், கையெட்டாத தொலைவில், அதே அறையின் காற்றை மட்டும் பகிர்ந்துகொண்டவர் 10 பேர், ஒருவருக்கும் தொற்றவில்லை. இவ்வளவு தெளிவான எண்கள் மனிதச் சோதனைகளில் அரிதாகவே கிடைக்கும். அத்துடன் நில்லாமல் அவர்கள் வீடுகளுக்குச் சென்றனர். வீட்டில் ஒருவருக்குத் தடுமன் கண்டவுடன் தாய் தன் விரல்களை அயோடின் கரைசலில் நனைத்துக்கொள்ள வேண்டும். வேறு சில வீடுகளில் தாய்க்குக் கொடுக்கப்பட்டது அதுபோல் தோன்றும் வேறு நீர்மம். அயோடின் இட்ட தாய்மாருக்குத் தடுமன் தெளிவாகக் குறைந்தது. விரலில் கறை ஏற்றும் அயோடினை நாள்தோறும் பூசிக்கொண்டு எந்தத் தாய் சமைப்பாள், எந்தத் தாய் குழந்தைக்கு ஊட்டுவாள் என்ற கேள்வி நின்றதே தவிர, கையே வழி என்பது முடிந்த முடிபாகத் தோன்றியது.

முடியவில்லை. விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் எலியட் டிக் என்பவரின் ஆய்வுக்கூடம் இருந்தது. அவரும் டொன் டலேசியோ என்பவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், 24 தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் வைரஸைக் கொடுத்து, துணைவருக்குச் செல்கிறதா என்று பார்த்தனர். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு இணைகளில் சென்றது. செல்வதற்குத் தேவைப்பட்டவை எவை? நோய் நன்றாகவே வெளிப்பட்டிருக்க வேண்டும். கையிலும் மூக்கிலும் வைரஸ் மிகுந்திருக்க வேண்டும். ஏழு நாளில் 120 மணி நேரத்துக்கு மேல் இருவரும் சேர்ந்தே கழித்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம். முத்தம் இவ்வைரஸைக் கடத்துவது மிக அரிது என்பதும் டலேசியோ பின்னர் செய்த சோதனையில் தெரியவந்தது. காதற்கவிஞர்கள் ஆறுதல் கொள்ளலாம். பிரியாமல் உடனிருக்கும் இல்லறத்துக்குத்தான் அந்த ஆறுதல் கிடையாது.

இத்தனை மணி நேரத்தை ஆய்வுக்கூடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? டிக் கண்ட வழி சீட்டாட்டம். கடுந்தடுமன் பிடித்த 8 ஆடவரையும் எதிர்ப்பாற்றல் இல்லாத 12 ஆடவரையும் ஓர் அறையில் அமர்த்தி 12 மணி நேரம் போக்கர் ஆடவைத்தார். அந்தப் 12 பேரில் பாதிப் பேருக்குக் கழுத்தில் அகன்ற பட்டையோ முழங்கையில் கட்டுக்கோலோ பூட்டப்பட்டது. சீட்டைப் பிடிக்கலாம், முகத்தைத் தொட முடியாது. மறுபாதியினர் விருப்பம்போல் தொடலாம். கையே வழியென்றால் பூட்டப்பட்டவர் தப்பியிருக்க வேண்டும். மூன்று முறை நடந்த ஆட்டத்தில் கை பூட்டப்பட்ட 18 பேரில் 10 பேருக்கும், கட்டற்ற 18 பேரில் 12 பேருக்கும் தொற்றியது, பெரிய வேறுபாடில்லை. நான்காம் ஆட்டத்தில் நோயாளிகள் ஒரு கூடத்தில் ஆடினர். அவர்கள் சளி படிந்து பிசுபிசுத்த சீட்டுகளும் வில்லைகளும் எழுதுகோல்களும் வேறோர் அறையிலிருந்த நலமுள்ள 12 பேருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவர்கள் அச்சீட்டுகளால் 12 மணி நேரம் ஆடி, சொல்லிவைத்தபடி கையை மூக்குக்கும் கண்ணுக்கும் கொண்டு சென்றனர். ஒருவருக்கும் தடுமன் வரவில்லை. 1987இல் வெளியான இவ்வாய்வின் முடிவு, வழி காற்றே என்பது.

வர்ஜீனியாவில் காற்றுக்கு 10இல் 0. மாடிசனில் கைக்கு 12இல் 0. யார் பொய் சொன்னார்? இருவரும் மெய்யே சொன்னார்கள். அவரவர் கட்டிய அறை பேசியது. ஈரமான கையைத் தொட்ட நொடியிலேயே மூக்கைத் தொடச் செய்தால் கை வெல்கிறது. சீட்டின்மேல் காய்ந்து காத்திருக்க வேண்டுமானால் தோற்கிறது. கடுந்தடுமன் பிடித்த எட்டுப் பேரோடு மூடிய அறையில் அரைநாள் அமர்ந்தால் காற்று வெல்கிறது. வலைக்கு அப்பால் நோயின் அளவும் ஆளின் எண்ணிக்கையும் குறைந்தால் தோற்கிறது. ஆய்வுக்கூடம் வீட்டிலிருந்து ஒரு கூறை வெட்டியெடுக்கும்போது, எதை வெட்டுவது என்று முடிவு செய்கையிலேயே விடையில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. இலக்கிய ஆய்வாளருக்கும் இந்நோய் உண்டு. ஒரு கவிதையை ஓசையாக மட்டும் வெட்டியெடுப்பவர் ஓசையையே கண்டு வருகிறார்.

இவ்விரு ஆய்வுக்கூடங்களில் உலகம் ஒன்றின் சொல்லையே பெரிதும் கேட்டது என்பதுதான் இங்கே சிந்திக்க வேண்டியது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. நோயெல்லாம் கெட்ட காற்றால் வருவன என்று ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் நம்பினர். அந்த நம்பிக்கையை உடைக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர் அமெரிக்கச் சுகாதார அதிகாரி சார்லஸ் சேப்பின். நோய் நெருங்கிய தொடர்பால் வருகிறது, காற்றில் மிதந்து வருவது அரிது என்று 1910இல் நூல் எழுதினார். மூடநம்பிக்கையோடு போரிட்ட அச்சொல் நாளடைவில் மருத்துவத்தின் நம்பிக்கையாகவே இறுகியது. 1930களில் வில்லியம் வெல்சும் அவர் மனைவி மில்ட்ரட் வெல்சும், பெருந்திவலை தரையில் விழ, நுண்திவலை உலர்ந்து காற்றில் நெடுநேரம் மிதக்கும் என்று காட்டினர். பள்ளி வகுப்பறைகளில் புறஊதா விளக்கேற்றித் தட்டம்மைப் பரவலைக் குறைத்தும் காட்டினர். காசநோயைத் தவிர மற்ற நோய்களுக்கு அவர்கள் சொல் பெரிதாக ஏறவில்லை.

விளைவு 2020இல் தெரிந்தது. மார்ச் 28ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம், கோவிட் காற்றில் பரவுவதன்று என்று அறிவித்தது. வீடுகள் கதவுப்பிடியைத் துடைத்தன, காய்கறியைக் கழுவின, கையில் தோல் உரியுமட்டும் சோப்பிட்டன. சன்னல்கள் மூடியே இருந்தன. ஒரே வீட்டில் நோயாளியை உள்ளறையில் வைத்து, உணவைக் கதவருகே வைத்துக் கை கழுவி வந்தவர்கள், அக்கதவின் இடுக்கு வழியே வந்த காற்றைப் பற்றி எண்ணவில்லை. எண்ணும்படி யாரும் அவர்களுக்குச் சொல்லவுமில்லை. அவ்வாண்டு சூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்டு மில்டன் ஆகியோர் எழுதி 239 அறிவியலர் ஆதரித்த வேண்டுகோள் வெளிவந்தது. நிறுவனம் சிறிது சிறிதாகச் சொல்லை மாற்றிக்கொண்டது. 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், திவலை, நுண்திவலை என்ற பழைய பிரிவினையையே கைவிட்டு, ‘காற்றின் வழி’ என்னும் பொதுச் சொல்லுக்கு வந்து சேர்ந்தது. நான்கு ஆண்டுகள் ஒரு சொல்லின்மீது நடந்த வழக்கு அது. சொல்லாராய்ச்சி உயிர்க்கு உதவாதது என்று எண்ணுவோர் அவ்வழக்கின் ஏடுகளைப் படித்துப் பார்க்கலாம்.

இந்நிலையில், வீட்டைக் கூறுபோடாமல் முழுதாகவே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அது. பெஞ்சமின் கௌலிங், கேப்ரியல் லியுங் ஆகியோரோடு அதில் பங்கேற்ற நச்சுயிரியல் அறிஞர் மாலிக் பீரிஸ் இலங்கையில் பிறந்து, பேராதனையில் மருத்துவம் பயின்றவர். 2003இல் சார்ஸ் நோய்க்குக் காரணமான கொரோனா வைரஸை முதலில் பிரித்தறிந்த குழுக்களுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர். 2008இல் இன்ஃபுளுயன்சா கண்டு மருத்துவரிடம் வந்தவர்களின் வீடுகள் 259. அவ்வீடுகளில் உடன் வாழ்ந்தோர் 794. சீட்டுக் குலுக்கியதுபோல் வீடுகளை மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு உடல்நல அறிவுரை மட்டும். ஒரு பிரிவுக்குக் கை கழுவும் பொருள்கள். ஒரு பிரிவுக்கு அவற்றோடு முகக்கவசமும். யாரையும் வலைக்குப் பின் அமர்த்தவில்லை. யார் கையையும் பூட்டவில்லை. செவிலியர் வீடு தேடிச் சென்று மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுக்க, ஆய்வுக்கூடம் அவற்றில் வைரஸைத் தேடியது.

மொத்தத்தில் மூன்று பிரிவுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. ஆனால் நோய் தொடங்கிய 36 மணி நேரத்துக்குள் கவசமும் கை கழுவலும் தொடங்கிய வீடுகளில் தொற்று குறைந்திருந்தது. பிந்திய வீடுகளில் வைரஸ் ஏற்கெனவே தன் வழியில் சென்றுவிட்டிருந்தது போலும். கௌலிங் குழுவினர் ஹாங்காங்கிலும் பாங்காக்கிலும் நடந்த வீட்டாய்வுகளை மீண்டும் கணக்கிட்டு 2013இல் எழுதியபோது, வீட்டுக்குள் இன்ஃபுளுயன்சா பரவுவதில் ஏறத்தாழப் பாதி நுண்திவலைகளின் வழி என்று மதிப்பிட்டனர். மறுபாதி கையும் பெருந்திவலையும். வர்ஜீனியாவும் மாடிசனும் ஒரே வீட்டில் குடியிருந்தன என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அங்கு ஆராய்ந்தது வேறொரு வைரஸ் என்பதை மறக்காமல்.

ஹாங்காங் வீடுகளில் கவசம் பெற்றவர் எல்லோரும் அதை அணியவில்லை. நோயுற்றவரைவிட உடனிருந்தவர்கள் இன்னும் குறைவாகவே அணிந்தனர். சில நூறு சதுர அடி வீட்டில், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் அருகே, கவசத்தோடு ஒரு தாய் எத்தனை மணி நேரம் அமர்ந்திருப்பாள்? இதை ஆய்வாளர்களும் உணர்ந்தே இருந்தனர். அவர்கள் அவ்வீடுகளுக்குக் கொடுத்த அறிவுரையில் ஒரு விலக்கு உண்டு. வீட்டிலிருக்கும்போதெல்லாம் கவசம் அணிக. உண்ணும்போதும் உறங்கும்போதும் வேண்டியதில்லை.